"ஹலோ சொல்லு"

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு ஐந்து வயது இருக்கும்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் தோளைத் தொட்டு "ஹலோ சொல்லு" என்பேன். அவனும் சமர்த்தாக "ஹலோ சொல்லு" என்பான். வந்தவர் சிரிப்பார், நானும் சிரித்துச் சமாளிப்பேன், உள்ளுக்குள் எரியும். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்கிற பிள்ளையின் காதில், அவன் சொல்ல வேண்டியதை மட்டும்தான் போட வேண்டும், அந்த "சொல்லு"வை நான் விட்டிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும் என்பது எனக்கு உறைக்க அவ்வளவு நாள் ஆனது.

"உனக்குத் தண்ணி வேணுமா?" என்று அவனே என்னிடம் வந்து கேட்பான். அவனுக்குத் தாகம் என்று அர்த்தம். தாகம் எடுக்கும்போதெல்லாம் அவன் காதில் விழுந்த வாக்கியம் அதுதானே, பிறகு வேறு எப்படிக் கேட்பான்? இப்போதெல்லாம் அவன் வாயிலிருந்து வர வேண்டிய மாதிரியே நான் சொல்கிறேன், "எனக்குத் தண்ணி வேணும்" என்று. பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். இருக்கட்டும்.

இப்படித் திருப்பிச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று பெயர். அதை நிறுத்த வேண்டிய கெட்ட பழக்கமாகத்தான் எனக்கு முதலில் சொல்லித் தந்தார்கள். அது வெற்றுச் சத்தமில்லை, கேட்க, மறுக்க, தன்னைத் தானே தேற்றிக்கொள்ள என்று அதற்கு வேலைகள் இருக்கின்றன என்பதை 1980களிலேயே பேரி பிரிசன்ட் போன்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். என் காதுக்கு வந்து சேரத்தான் தாமதம்.

லிஃப்டில் வருகிற அறிவிப்புக் குரல் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் உறவினர் ஒருவர் ஆசையாக அவனை அணைக்கக் குனிந்தபோது, அதே குரலில், அதே இழுவையோடு, "கதவுகள் மூடுகின்றன" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் பல் மருத்துவரின் கை வாயருகே வந்தபோதும் அதையே சொன்னான். அப்புறம்தான் நான் எழுதி வைக்க ஆரம்பித்தேன்: எப்போது சொன்னான், யார் பக்கத்தில் இருந்தார்கள், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது. பதினைந்து நாளில் விஷயம் தெளிவாகிவிட்டது. யாராவது ரொம்ப நெருங்கி வந்தால் கதவுகள் மூடும். "தள்ளிப் போ" என்பதை இத்தனை நாளும் பிள்ளை அழகாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அதனால் வணக்கம், நன்றி எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு முதலில் "வேண்டாம்" சொல்லக் கற்றுக்கொடுத்தோம். இதில் கஷ்டமான பகுதி நமக்குத்தான், அவன் "வேண்டாம்" என்றால் நாம் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் அந்தச் சொல் அவனுக்கு எதற்கு? மருந்து மாதிரி தவிர்க்க முடியாத இடத்தில், "வேண்டாம்னு சொன்னே, கேட்டேன், ஆனா இது குடிச்சே ஆகணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். பேச்சு வராத நேரத்துக்கு, வேண்டியதைக் காட்டிக் கேட்கப் படஅட்டை. அட்டை கொடுத்தால் பேச்சே நின்றுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆய்வுகளும் அப்படி ஆவதாகக் காட்டவில்லை.

"என்னைப் பார்" பயிற்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கண்ணைப் பார்த்தால் பரிசு, பார்க்காவிட்டால் இல்லை. அவன் பார்க்கவும் கற்றுக்கொண்டான், ஆனால் பார்க்கிற வேலையிலேயே மும்முரமாகி, சொல்ல வந்ததை மறந்துவிடுவான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசும்போது முழு வாக்கியம் வரும். எனக்கு வாக்கியம்தான் வேண்டும். கண் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்.

விளையாட்டில் தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிடுவான். அதற்கு சோஷியல் ஸ்டோரி எழுதலாம் என்றார்கள். அமெரிக்காவில் கரோல் கிரே என்ற ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது, ஒரு சூழலைப் பிள்ளையின் பார்வையில் சின்னக் கதையாக எழுதுவது. நான் எழுதிய முதல் கதையில் ஆறு வரி, ஆறும் கட்டளை. கத்தக் கூடாது, தள்ளக் கூடாது, அந்த ரகம். அவன் அதைக் கிழித்துப் போட்டான், சரியான விமர்சனம். நடப்பதை விவரிக்கும் வரிகள்தான் இதில் அதிகம் இருக்க வேண்டும் என்று அப்புறம் தெரிந்துகொண்டு மறுபடி எழுதினேன்: "சில நேரம் நான் ஜெயிப்பேன். சில நேரம் இன்னொருவர் ஜெயிப்பார். தோற்றால் எனக்கு நெஞ்சு சூடாகும். அப்போது நான் எழுந்து சுவர்ப் பக்கம் போகலாம்." "சில நேரம்" என்பது முக்கியம். வேறொரு கதையில் "அம்மா எட்டு மணிக்கு வருவாள்" என்று எழுதிவிட்டு எட்டே பத்துக்குப் போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டேமியன் மில்டன் என்ற, தானே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012இல் ஒன்று சொன்னார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு நம்மைப் படிக்கத் தெரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் படிக்கத் தெரியாது என்று. 2020இல் வந்த ஒரு ஆய்வில், ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்குக் கதை கடத்தும் விளையாட்டு மாதிரி எட்டெட்டுப் பேரை வைத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையும் ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசைக்குச் சளைக்காமல் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதைப் படித்த அன்றே, கற்றுக்கொடுக்க வேண்டிய ஆள் இவன் ஒருவன் மட்டும் இல்லை என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் சொல்ல ஆரம்பித்தேன். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திரு, அவன் பதிலைத் தேடிக்கொண்டிருப்பான், நடுவில் இன்னொரு கேள்வி போட்டால் முதலிலிருந்து தேட வேண்டும்.

பெரியவர்களை விட அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது. போன வாரம் என் அண்ணன் மகள் வந்திருந்தாள். அவன் கட்டைகளை நிற வாரியாக அடுக்கிக்கொண்டிருந்த இடத்தில் போய்ச் சாய்ந்தாள். "கதவுகள் மூடுகின்றன." அவள் ஒரு கை தூரம் நகர்ந்து உட்கார்ந்து, "அத்தை, தள்ளிப் போன்னு சொல்றான்" என்று எனக்கே மொழிபெயர்த்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன் தலையைத் தூக்காமலே ஒரு நீலக் கட்டையை அவள் பக்கம் தள்ளினான்.

"கதவுகள் திறக்கின்றன."

அவள் அந்த நீலத்தைச் சிவப்பு வரிசையில் வைத்தாள். அதற்கப்புறம் நடந்த சண்டையை நான் இங்கே எழுதப் போவதில்லை.