எஸ்ஓபியில் மணவாளக்குறிச்சி மண்

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் துறையில் எஸ்ஓபி திருத்தும் வேலையும் தொடங்கிவிடும். எஸ்ஓபி என்றால் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ், என்ன ஆய்வு செய்ய விரும்புகிறேன், ஏன் என்று விண்ணப்பத்தோடு மாணவர் எழுதும் கடிதம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களுக்கு டிசம்பரில்தான் பிஎச்டி விண்ணப்பக் கெடு. நாகர்கோவிலில் இயற்பியல் நடத்துகிற எனக்கு அந்த மாதங்களில் விடைத்தாளைவிட இதுதான் அதிகம்.

"ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் மாத்தி எழுதிட்டேன் சார்" என்பார்கள் மாணவர்கள். பார்த்தால் பல்கலைக்கழகத்தின் பெயரும் இரண்டு பேராசிரியர்களின் பெயரும்தான் மாறியிருக்கும். அதில் ஒருவர் ஓய்வுபெற்றே வருடங்கள் ஆகியிருக்கும்.

ஒரு மாணவி, மணவாளக்குறிச்சிக்காரி. எம்எஸ்சி புராஜெக்டுக்காகக் கடற்கரை மணலை அள்ளி வந்து காமா கதிர்வீச்சு அளந்தவள். அந்த மணலில் மோனசைட் என்கிற தாது உண்டு, மோனசைட்டில் கதிரியக்கத் தனிமமான தோரியம் உண்டு. இத்தனையும் அவள் கடிதத்தில் ஒரே வரி. கேட்டால், "நம்ம ஊரு மண்ணுதானே சார், இதைப் போய் எழுதவா?"

"அதைத்தான் எழுதணும் மக்களே" என்றேன்.

கதிர்வீச்சை அளக்கும் டிடெக்டர் செய்கிற ஆய்வுக் குழுவுக்கு எழுதினால், சோடியம் அயோடைடு டிடெக்டரை சீசியம்-137இன் 662 கேஇவி (காமா கதிரின் ஆற்றலைச் சொல்லும் அலகு) உச்சியை வைத்து எப்படிச் சரிபார்த்தாள், தோரியத்துக்கு 2614 கேஇவி உச்சியை ஏன் எடுத்தாள் என்பது முன்னால் வர வேண்டும். புவிவேதியியல் துறைக்கு அதெல்லாம் இரண்டு வரி போதும். கனமான தாதுக்களை அலை எப்படிப் பிரித்துக் கரையில் ஒதுக்குகிறது, மழைக்கு முன்பும் பின்பும் எடுத்த மணலில் கதிர்வீச்சின் அளவு ஏன் மாறியது என்பதுதான் அங்கே விஷயம். இந்தக் கடைசிக் கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. அதனால் எழுதத் தயங்கினாள். ஐந்தாறு வருடம் உதவித்தொகை கொடுத்து ஆய்வு செய்யச் சொல்கிறவர்களுக்கு, விடை கிடைக்காத கேள்வி ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்தானே வேண்டும்?

பிரிட்டனில் பல துறைகள் தனியாக ஆய்வுத்திட்டம் கேட்கும். ஜெர்மனியில் பெரும்பாலும் அறிவிக்கப்பட்ட ஓர் இடத்துக்கு வேலைக்குப் போடுவது போலத்தான். இதே கடிதத்தை அங்கே அனுப்பிப் பயனில்லை.

அப்புறம் பேராசிரியர் பெயர்கள். அவருடைய சமீபத்திய கட்டுரையில் ஒரு வரைபடத்தையாவது உன் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பெயரை எழுதாதே என்று சொல்லி அனுப்பினேன். மறுவாரம் வந்தபோது அவள் பட்டியலில் பாதிப் பல்கலைக்கழகங்கள் அடிபட்டிருந்தன. விண்ணப்பக் கட்டணம் மிச்சமானதில் அவள் அப்பாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம்.