கை நிறைய மணல்: நோன்பு நாள் குறிப்புகள்

மார்ச் 6, 2025, வியாழன்

கடையில் கூட்டமில்லை. பெருமை எனும் நோயைப் பற்றி மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி எழுதிய பகுதியைப் புரட்டினேன். அவர் தரும் மருந்தில் குர்ஆனின் ‘அபஸ’ சூராவின் (அத்தியாயத்தின்) வசனங்கள் வருகின்றன. அல்லாஹ் மனிதனை எதிலிருந்து படைத்தான்? ஒரு விந்துத் துளியிலிருந்து. பிறகு மரணம், பிறகு கபுர் எனும் மண்ணறை. பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பெரும் பதவியை 1095இல் உதறிவிட்டுக் கிளம்பியவர் சொல்வதால் நம்பி விழுங்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

அஸர் தொழுகைக்குப் பின் ஒரு ஜனாஸா, நல்லடக்கம். ‘இதிலிருந்தே உங்களைப் படைத்தோம், இதிலேயே உங்களைத் திரும்பச் சேர்ப்போம், இதிலிருந்தே மறுமுறை வெளிப்படுத்துவோம்’ என்ற தாஹா சூராவின் 55ஆம் வசனத்தை ஓதி மூன்று பிடி மண் போட்டோம். எங்கள் ஊர் கபுருஸ்தானில் கடல் மணல்தான். கையில் நிற்காது, கபுரில் விழுவதற்குள் பாதி விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. பக்கத்தில் இருவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே நில விலை பேசினார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

மகளுக்கு ஒரு வரன். பையன் நல்லவன், தொழுகையாளி. ஆனால் “நம்ம வகையறா இல்லை காக்கா” என்று இழுத்தார் தரகர். ஆதமுக்குப் பணியச் சொன்னபோது, ‘நான் அவரை விட மேல், என்னை நெருப்பால் படைத்தாய், அவரைக் களிமண்ணால் படைத்தாய்’ என்றானே ஷைத்தான் இப்லீஸ்! பூர்வீகம் சொல்லி நெஞ்சை நிமிர்த்தியவர்களில் அவன்தான் மூத்தவன்.

மார்ச் 14, வெள்ளி

ஜும்ஆ தொழுகையின் பயானில் (உரையில்) “நீங்கள் அற்பத் துளி, அழுகும் பிணம்” என்று ஒரே முழக்கம். முன்னால் இருந்தவர்களில் பாதிப்பேர் மூட்டை தூக்கிக் களைத்தவர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கஸ்ஸாலி சொல்லும் சம்பவத்தில் முதர்ரிஃப் என்ற பெரியவர் இதைச் சொன்னது, பட்டு அங்கியில் மிடுக்காக நடந்த தளபதி முஹல்லபிடம். ஆள் பார்த்துக் கொடுத்த சூடு அது.

‘அபஸ’ எப்படித் தொடங்குகிறது? மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்களிடம் நபிகள் (ஸல்) பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து குறுக்கிட்டார். நபியவர்கள் முகம் சுளித்தார்கள். அதற்கான கண்டிப்புதான் முதல் வசனங்கள். துளியைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்பே, 17ஆம் வசனத்திலிருந்து வருகிறது. தலைவர்களும் அதே துளிதான் என்று எனக்குக் கேட்கிறது. எளியவரை இன்னும் குனியச் சொல்லும் தொனி அதில் இல்லை. பின்னாளில் நபியவர்கள் பயணம் போகும்போது மதீனாவின் பொறுப்பை ஒப்படைத்தவர்களில் அந்த இப்னு உம்மி மக்தூமும் ஒருவர்.

மார்ச் 15, சனி

பையன் வீட்டாரைப் பெருநாள் கழித்து வரச் சொல்லுங்கள் என்று தரகரிடம் போனில் சொல்லிவிட்டேன். மனைவி வகையறாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டாள்.