கட்டைவிரலை மடக்காதே

தாத்தா எதையும் கட்டைவிரலால் வளைத்துப் பிடிக்க மாட்டார். இரும்புக் கேட்டை இழுத்துத் திறக்கும்போது நான்கு விரல்களும் ஒட்டினாற்போல மேலே படிந்திருக்கும். கட்டைவிரலும் மடங்காமல் அவற்றோடு ஒண்டிக்கொண்டிருக்கும். இழுத்த வேகத்தில் கை விலகும், கூடவே ஒரு கால் பின்னால் போகும். ஒரு கேட்டைத் திறக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நாங்கள் பிள்ளைகளெல்லாம் நடித்துக் காட்டுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். "கட்டைவிரலை மடக்குனா அதோட சேந்து கையும் போயிரும்டா" என்பார்.

அவர் சொன்ன 'அது', டைகர் மோத் விமானத்தின் ப்ரொப்பெல்லர். அவர் வாயில் அது எப்போதும் காத்தாடிதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜோத்பூரில் விமானிகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சிப் பள்ளி ஒன்று இயங்கியது. ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங்குக்கு விமானப் பைத்தியம். போருக்கு முன்பே அவர் உருவாக்கி வைத்திருந்த விமானத் தளம் அது. தாத்தா அங்கே எஞ்சின் மெக்கானிக். டைகர் மோத்தில் ஸ்டார்ட்டர் கிடையாது. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும் கதையெல்லாம் இல்லை. ஒரு ஆள் முன்னால் நின்று காத்தாடியைக் கையால் இழுத்துச் சுற்றிவிட வேண்டும். தொட்ட அடுத்த நொடி அது ஆளை வெட்டக்கூடிய கத்தி. பையன்கள் வருவார்கள், பறக்கக் கற்றுக்கொண்டு பெரிய விமானத்துக்குப் போய்விடுவார்கள். தாத்தா அடுத்த கூட்டத்துக்குக் காத்தாடி சுற்றுவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாத்தா என்று கேட்டால், "எண்ணுனா கை வலிக்கும், அதனால எண்ணல" என்பார்.

அவர் அதில் ஒருமுறைகூடப் பறந்ததில்லை. அந்த விமானத்தோடு அவர் நிற்கும் புகைப்படமும் எங்களிடம் இல்லை.

வேலை நிமித்தமாக லண்டனில் சில வாரங்கள் தங்க நேர்ந்தபோது, டக்ஸ்ஃபோர்டில் டைகர் மோத்தில் ஏற்றிச் செல்கிறார்கள் என்று தெரிந்த அன்றே முன்பதிவு செய்துவிட்டேன். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் கேம்பிரிட்ஜ் ரயில் ஏறி விட்டில்ஸ்ஃபோர்ட் பார்க்வேயில் இறங்கினால் டக்ஸ்ஃபோர்ட் பக்கம்தான். முதல் உலகப் போர்க் காலத்து விமானத் தளம். 1938-இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் முதன்முதலாக வந்து சேர்ந்த படைப்பிரிவு இங்கேதான் இருந்தது. இப்போது போர் அருங்காட்சியகமாக இருக்கிறது, கூடவே பழைய விமானங்கள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கின்றன.

முதல் தடவை போனது வீண். காற்று பலமாக இருக்கிறது, இன்று பறக்க முடியாது என்றார்கள். எனக்கு அது அப்படியொன்றும் பெரிய காற்றாகத் தெரியவில்லை. ஆனால் வெறும் எடை 500 கிலோ சொச்சம், மரமும் துணியும் வைத்துக் கட்டிய இரட்டைச் சிறகு, சக்கரத்தில் பிரேக் கிடையாது, வாலுக்குக் கீழே சக்கரத்துக்குப் பதில் தரையில் உரசிப் போகும் ஒரு கட்டை. காற்று நினைத்தால் நின்ற இடத்திலேயே கவிழ்த்துவிடும். சரி என்று நாள் முழுக்க அருங்காட்சியகத்தைச் சுற்றினேன். ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம் இருக்கிறது, கட்டடத்தையே அடைத்துக்கொண்டு ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் நிற்கிறது. பார்த்தேன், அவ்வளவுதான். மனம் வெளியே தார்ப்பாய் போர்த்திக் கட்டிப்போட்டிருந்த அந்தச் சின்ன விமானத்திலேயே இருந்தது.

இரண்டாவது தடவை, மே மாதத்து ஞாயிறு, வானம் வெளுத்துக் கிடந்தது. காற்று புல்லைத் தடவுகிற அளவுக்குத்தான்.

கிட்டத்தில் போய் நின்றபோது முதலில் தோன்றியது, இது இவ்வளவு சின்னதா என்பதுதான். தாத்தா சொன்ன கதைகளில் அது யானை மாதிரி இருக்கும். இங்கே என் தோள் உயரத்துக்குக் கீழ்ச் சிறகின் நுனி வரவில்லை. சிறகுத் துணியை விரலால் சுண்டினால் தோல் வாத்தியம் போலச் சத்தம் கேட்கிறது. ஏறும்போது கீழ்ச் சிறகில் கறுப்புப் பட்டை போட்ட இடத்தில் மட்டும்தான் கால் வைக்க வேண்டும், தவறினால் துணி கிழிந்து கால் உள்ளே போய்விடும்.

என்னை முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள். பயிற்சி நாட்களில் அது வாத்தியார் இருக்கை. மாணவனுக்குப் பின் இருக்கை, தனியாகப் பறக்கும்போதும் எடைச் சமநிலைக்காக அவன் அங்கேதான் உட்கார வேண்டும். அதனால் இன்றைக்கும் விமானி பின்னால். இந்த முன் இருக்கைக்கு ஒரு கதை உண்டு. பழைய வடிவத்தில் மேல் சிறகு நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும், பாராசூட்டோடு அவசரமாக வெளியே குதிக்க வழியில்லை. அதனால் மேல் சிறகின் நடுப்பகுதியை முன்னே தள்ளி, கெட்டுப்போன சமநிலையைச் சரிசெய்யச் சிறகுகளைக் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்துவிட்டார்கள். டைகர் மோத்துக்கு அந்த அழகான சாய்வு வந்தது வாத்தியார் தப்பிப்பதற்காகத்தான். அப்படியும் மேல் சிறகின் நடுவில் பெட்ரோல் தொட்டி, கிட்டத்தட்ட என் உச்சிக்கு நேராகத் தொங்குகிறது. அதை மறக்க முயற்சி செய்தேன்.

விமானி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. சிரிப்பு குறைவு, கவனம் அதிகம். எனக்கு அது பிடித்திருந்தது. பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், தோல் தொப்பியின் வாரைச் சரிசெய்தார். அந்தக் காலத்தில் இருவரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர்க் குழாய்தான் இருந்தது. ஒருவர் பேசினால் மறுமுனையில் காதில் கேட்கும். ஸ்மித்-பாரி என்பவர் 1917-இல் காஸ்போர்ட்டில் நடத்திய பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்ததால் அதற்குக் காஸ்போர்ட் குழாய் என்றே பெயர். இப்போது ஹெட்போன் வந்துவிட்டது.

அப்புறம் காத்தாடிக்கு முன்னால் அந்த ஆள் வந்து நின்றார்.

விமானம் கிளம்புவதை எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள், நான் கிளப்புவதைப் பற்றிக் கொஞ்சம் எழுதிக்கொள்கிறேன். முதலில் அவர் மூடியைத் திறந்து கார்புரேட்டரின் குமிழை அழுத்திப் பிடித்தார், பெட்ரோல் சொட்டும் வரை. மூடினார். இக்னிஷன் சுவிட்சுகள் இந்த விமானத்தில் உள்ளே இல்லை, ஒவ்வொரு இருக்கைக்கும் வெளியே, உடலின் மேல் பொருத்தியிருக்கின்றன. காத்தாடி சுற்றுபவர் நின்ற இடத்திலிருந்தே தன் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அடுத்தவன் 'ஆஃப்' என்று சொல்வதை மட்டும் நம்பி அந்தக் கத்தியில் கை வைக்க முடியுமா? பார்த்தார். பிறகு குரல் கொடுத்தார். சுவிட்ச் ஆஃப், பெட்ரோல் ஆன், த்ராட்டில் க்ளோஸ்ட், சக் இன். கடைசியது, எஞ்சின் பெட்ரோலை உள்ளே உறிஞ்சிக்கொள்ளட்டும் என்பது. ஒவ்வொன்றையும் விமானி பின்னாலிருந்து திருப்பிச் சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதே வரிசையில், இதே இழுப்போடு, தாத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன். 'சக்கின்' என்பது ஒரே வார்த்தை என்றும் அது ஏதோ ஓர் இந்திச் சொல் என்றும் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் காத்தாடியை நான்கு முறை மெதுவாக இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ 'டக்' என்றது. பிறகு ஒரு கணம் நின்று, காலடிப் புல் வழுக்குகிறதா என்று செருப்பைத் தேய்ப்பதுபோலப் பாதத்தைத் தேய்த்துப் பார்த்து, "கான்டாக்ட்!" என்றார், சுவிட்சைப் போடச் சொல்லும் குரல் அது. விரல்கள் தட்டையாகப் பலகையின் ஓரத்தில் படிந்தன. ஒரே இழுப்பு. கை விலகியது, கால் பின்னால் போனது. எங்கள் வீட்டுக் கேட் திறந்தது.

130 குதிரைத்திறன் ஜிப்ஸி மேஜர் எஞ்சின், நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்குபவை. ஓடும்போது விமானம் முழுவதும் ஒரு பழைய லாரியைப் போல நடுங்குகிறது. மூக்கு உயர்ந்து நிற்பதால் பின்னால் இருப்பவருக்கு நேரே எதுவும் தெரியாது, பாம்பு போல வளைந்து வளைந்து புல்லில் ஓட்டிப்போனார். காற்றை எதிர்த்துத் திருப்பி த்ராட்டிலைத் தள்ளினார். வால் எழுந்தது. எப்போது தரையை விட்டோம் என்று எனக்குத் தெரியவில்லை. நடுக்கம் நின்றதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஆயிரம் அடியில் கேம்பிரிட்ஜ் பக்கமாகப் போனோம். கீழே கடுகுச் செடிக்கு உறவான ஏதோ ஒன்று மஞ்சளாகப் பூத்துக் கட்டம் கட்டமாகக் கிடந்தது. தூரத்தில் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் நான்கு மூலைக் கோபுரங்கள். எம்11 நெடுஞ்சாலையில் கார்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. எதிர்க்காற்றில் பறக்கும் டைகர் மோத்துக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"இப்போது நீங்கள் ஓட்டுங்கள்" என்று காதில் குரல் வந்தது.

கட்டுப்பாட்டுத் தண்டை வலப்பக்கம் சாய்த்தேன். விமானம் வலப்பக்கம் சாய்ந்தது, ஆனால் மூக்கு இடப்பக்கம் போனது. என்னடா இது என்று இன்னும் சாய்த்தேன். முகத்தில் சில்லென்று ஓர் அறை.

"காற்று எந்தக் கன்னத்தில் அடிக்கிறது?"

"வலது கன்னத்தில்."

"அந்தப் பக்கத்துக் காலை மிதியுங்கள்."

வலது பெடலை மிதித்தேன். அறை நின்றது. மூக்கு திரும்பியது. இவ்வளவுதான் பாடம். பாதி வானொலியும் முக்கால்வாசிக் கருவியுமாக இருக்கும் இன்றைய விமானங்களில், கை கால் ஒத்துழைக்காமல் திரும்பினால் ஒரு சின்னப் பந்து குழாய்க்குள் கொஞ்சம் நகரும், அதைப் பார்த்தால் பார்த்ததுதான். இதில் கன்னத்தில் விழுகிறது. ஓட்டுவது சுலபம், நன்றாக ஓட்டுவது கஷ்டம் என்று டைகர் மோத்தைப் பற்றி விமானிகள் சொல்வார்கள். ஐந்து நிமிடத்தில் அதன் இரண்டு பாதிகளும் எனக்குப் புரிந்துவிட்டன. கொல்லாது, ஆனால் ஒரு தப்பையும் மறைக்காது. இதைவிட நல்ல வாத்தியாரை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்ததில்லை.

1931 அக்டோபர் 26 அன்று லண்டன் அருகே ஸ்டாக் லேனில் முதலில் பறந்தது இது. இதைச் செய்த நிறுவனத்தை நடத்திய ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்குப் பூச்சிகளின் மேல் பிரியம், அதனால்தான் அவருடைய விமானங்களுக்கு 'மோத்' என்று அந்துப்பூச்சியின் பெயர். பிறகு எட்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று எங்கெல்லாம் பிரிட்டனுக்கு விமானிகள் தேவைப்பட்டார்களோ அங்கெல்லாம் இதே கன்னத்து அறைதான் முதல் பாடம். போர் முடிந்ததும் எத்தனையோ விமானங்கள் வயல்களுக்கு மருந்தும் உரமும் தூவப் போய்விட்டன. இந்தியாவில் இதற்குப் பிறகு பெங்களூரில் கடாகே என்ற வடிவமைப்பாளரின் குழுவினர் வடிவமைத்த எச்டி-2 பயிற்சி விமானம் வந்தது, 1951-இல் முதலில் பறந்தது. அதைப் பற்றித் தாத்தாவுக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. ஆனால் கதை சொல்ல உட்கார்ந்தால் மட்டும் டைகர் மோத்துக்குத்தான் போவார்.

திரும்பி வரும்போது விமானி த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்தார். எஞ்சின் சத்தம் அடங்கியதும் வேறொரு சத்தம் மேலே வந்தது. சிறகுகளைப் பிணைத்திருக்கும் கம்பிகளின் விசில். வேகம் கூடினால் சுருதி ஏறுகிறது, குறைந்தால் இறங்குகிறது. வேகமானியைப் பார்க்காமல் இதைக் கேட்டே இறக்கலாம் என்றார். கேட்டுக்கொண்டே வந்தேன். சுருதி இறங்கி இறங்கி, ஏறக்குறைய ஒரு பெருமூச்சாகும் நேரத்தில் சக்கரங்களும் வால் கட்டையும் ஒன்றாகப் புல்லைத் தொட்டன. ஒரு சின்னத் துள்ளல். "அது என்னுடையது, உங்களுடையதல்ல" என்றார் விமானி. அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

இறங்கி வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். அடுத்து ஒரு பெரியவர் ஏறினார். குடும்பமே வேலியோரம் திரண்டு நின்றது. எஞ்சின் சூடாக இருந்ததாலோ என்னவோ கிளம்ப மறுத்தது. ஒரு இழுப்பு, இரண்டு, மூன்று. பிறகு அந்த ஆள் சுவிட்சைப் பார்த்து, ஏதோ குரல் கொடுத்துவிட்டு, காத்தாடியைத் தலைகீழாகப் பின்பக்கம் சுற்ற ஆரம்பித்தார். என் பக்கத்தில் நின்ற பையன், ரிப்பேர் ஆகிவிட்டதா என்று அவனுடைய அம்மாவைக் கேட்டான். இல்லை, உள்ளே பெட்ரோல் அதிகமாகிவிட்டது, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துப் பின்னால் சுற்றினால் அது வெளியேறிவிடும் என்றேன். "வெயில்ல அது ரொம்பப் பிடிவாதம் பிடிக்கும், திருப்பிச் சுத்தித்தான் கோபத்த எறக்கணும்" என்று ஜோத்பூர் மதியங்களைப் பற்றித் தாத்தா சொன்னதன் சுருக்கம் அது.

மறுபடியும் "கான்டாக்ட்". எல்லோருடைய போனும் முன் இருக்கையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கையசைத்த பெரியவரின் பக்கம் திரும்பியிருந்தது. நான் காத்தாடி சுற்றுபவரைப் படம் எடுக்க நினைத்து அவரையே குறிவைத்து நின்றேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் அழுத்துவதற்குள் அவர் விலகிவிட்டார். அவர் வேலையே அதுதானே.

படத்தில் புகை இருக்கிறது, மங்கிய வட்டமாகக் காத்தாடி இருக்கிறது, பின்னால் பெரியவரின் சிரிப்பு இருக்கிறது. இடது ஓரத்தில் மணிக்கட்டோடு ஒரு கை மட்டும் விழுந்திருக்கிறது. ஐந்து விரல்களும் ஒட்டி, நேராக.