டாண்டலஸ் வம்சத்தின் பழி போன வழி: மனிசா முதல் ஏதென்ஸ் வரை

ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியின் 11ஆம் காண்டத்தில், பாதாள உலகில், டாண்டலஸ் என்ற மன்னன் நிற்கிறான். மோவாய் வரை தண்ணீர். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் வற்றி, காலடியில் கறுத்த மண் தெரிகிறது. தலைக்கு மேல் பேரிக்காய், மாதுளை, ஆப்பிள், அத்தி, ஆலிவ் எல்லாம் காய்த்துத் தொங்குகின்றன. கையை நீட்டினால் காற்று கிளைகளை மேகம் வரை தூக்கிவிடுகிறது. அவன் என்ன தப்பு செய்தான் என்று ஹோமர் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அந்தக் காரணத்தைப் பின்னால் வந்த கவிஞர்கள் ஆளுக்கொரு விதமாக நிரப்பினார்கள். அவன் வம்சம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஊர்களை வரிசையாகப் பார்த்தால், யார் எதை ஏன் மாற்றினார்கள் என்பது புரிகிறது. தண்டனை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. குற்றம்தான் ஊருக்கு ஊர் வேறாகிறது. டாண்டலஸின் மகள் நையோபி, மகன் பெலோப்ஸ். பெலோப்ஸின் பிள்ளைகள் அத்ரியஸும் தையெஸ்டீஸும். அத்ரியஸின் மகன் அகமெம்னான், அவன் மகன் ஒரெஸ்டீஸ். ஐந்து தலைமுறை. துருக்கியின் மனிசா, பிறகு கிரேக்கத்தில் ஒலிம்பியா, மைசீனி, டெல்ஃபி, ஏதென்ஸ் என்று போனால் கதையின் வரிசை கெடாது.

விசாவை முதலில் யோசியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் துருக்கி விசா வேறு, கிரேக்கத்துக்கான ஷெங்கன் விசா வேறு. மனிசாவில் தொடங்கி கிரேக்கத்தில் முடித்தால் ஒற்றை நுழைவு ஷெங்கன் போதும். ஏதென்ஸில் இறங்கி, மனிசா போய்த் திரும்புவதென்றால் பல நுழைவு விசா வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது எல்லையில் மாட்டிக்கொள்வீர்கள். இஸ்மிரிலிருந்து ஏதென்ஸுக்கு விமானத்தில் போகலாம். நேரம் இருந்தால் செஷ்மே துறையிலிருந்து கியோஸ் தீவுக்குப் படகு, அங்கிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்குக் கப்பல். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் வெப்ப அலை வந்தால் நடுப்பகலில் தொல்லியல் தளங்களையே மூடிவிடுகிறார்கள்.

மனிசா, இஸ்மிரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஊரின் முதுகில் நிற்கும் ஸ்பில் மலைதான் பழைய சிபிலஸ். உயரம் 1,513 மீட்டர். மலையடிவாரத்தில் 'அழும் பாறை' இருக்கிறது. அதுதான் நையோபி என்பார்கள். யாரும் செதுக்கியதல்ல, இயற்கைப் பாறை. பக்கத்தில் போய்ப் பார்த்து ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம். கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பாசேனியஸ் மலையேறிப் பார்த்துவிட்டு எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது: கிட்டே போனால் வெறும் செங்குத்துப் பாறை, தள்ளி நின்றால் தலை குனிந்து அழும் பெண். ஆகவே தள்ளியே நில்லுங்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. ஊருக்குக் கிழக்கே அக்பினாரில் பாறையில் செதுக்கிய பெரிய உருவம் ஒன்று இருக்கிறது. அதை நையோபி என்று காட்டுவது தவறு. அது ஹிட்டைட் காலத்தது. தேவர்களின் தாய்க்கு உள்ள உருவங்களிலேயே பழமையானது சிபிலஸில் இருப்பதாகவும், அதைச் செய்தவன் டாண்டலஸின் இன்னொரு மகன் புரோட்டியஸ் என்றும் பாசேனியஸ் எழுதுவது இதைப் பற்றித்தான் என்று பலர் கருதுகிறார்கள்.

நையோபியின் குற்றம் எல்லாருக்கும் தெரிந்தது. லீட்டோ தேவிக்குப் பிள்ளை இரண்டு, எனக்குப் பன்னிரண்டு என்று பெருமை பேசினாள். லீட்டோவின் பிள்ளைகளான அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும் பன்னிரண்டு பேரையும் அம்பெய்து கொன்றார்கள். இலியட் 24ஆம் காண்டத்தில் இந்தக் கதையைச் சொல்பவன் கிரேக்க வீரன் அக்கிலிஸ். கேட்பவர், அவன் கொன்ற தன் மகனின் பிணத்தை வாங்க வந்திருக்கும் டிராயின் கிழ மன்னர் பிரியாம். ஊராரைத் தேவர்களின் அரசன் ஜீயஸ் கல்லாக்கிவிட்டதால் பிணங்கள் ஒன்பது நாள் புதைக்கப்படாமல் கிடந்தன. பத்தாம் நாள் தேவர்களே புதைத்தார்கள். அதன் பிறகு நையோபி சாப்பிட்டாள், ஆகவே நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்கிறான் அக்கிலிஸ். அவள் கல்லாகி சிபிலஸில் நிற்கிறாள் என்ற நான்கு வரிகளைப் பழங்கால அலெக்சாண்ட்ரியா அறிஞர்களே இடைச்செருகல் என்று ஒதுக்கினார்கள். கல்லானவள் எப்படிச் சாப்பிடுவாள் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்தச் சோறுதான் பாறையைவிடப் பெரிதாகப் படுகிறது. தெய்வம் அடித்த பிறகும் பசிக்கிறது என்பதை ஹோமர் போல யாரும் சொன்னதில்லை.

பெலோப்ஸ் கடல் கடந்து ஒலிம்பியா பக்கம் வருகிறான். ஏதென்ஸின் கிஃபிசோஸ் பேருந்து நிலையத்திலிருந்து பிர்கோஸ் வந்து, அங்கே உள்ளூர்ப் பேருந்து மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்ப் பேருந்து குறைவு. அன்று போகாமலிருப்பது நல்லது. முதலில் அருங்காட்சியகம், பிறகுதான் இடிபாடுகள். தளத்தில் ஜீயஸ் கோயிலின் தூண்கள் உருண்டு கிடப்பதை மட்டும் பார்த்தால் கதை எதுவும் பிடிபடாது.

அந்தக் கோயில் ஏறக்குறைய கி.மு. 457இல் முடிந்தது. அதன் கிழக்கு முகப்புச் சிற்பங்கள் அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் இருக்கின்றன: நடுவில் ஜீயஸ், ஒரு பக்கம் பெலோப்ஸ், மறுபக்கம் மன்னன் ஈனோமாவுஸ். தேர்ப்பந்தயம் தொடங்கவில்லை. ஈனோமாவுஸ் தன் மகள் ஹிப்போடாமியாவைப் பெண் கேட்டு வந்த பதின்மூன்று பேரைப் பந்தயத்தில் கொன்றவன். யாரும் அசையாமல் நிற்கிறார்கள். ஒரு கிழவர் மட்டும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்; குறி சொல்பவர். வழுக்கைத் தலை, தளர்ந்த மார்பு, கை கன்னத்தருகே. நடக்கப்போவது அவருக்குத் தெரியும் என்பது அந்த முகத்தில் இருக்கிறது. அவர் முன்னால் நிதானமாக நில்லுங்கள். கூட்டம் ஹெர்மீஸ் சிலையைத் தேடி நகர்ந்துவிடும்.

பந்தயம் எப்படி ஜெயிக்கப்பட்டது என்பதில்தான் வில்லங்கம். பரவலாகச் சொல்லப்படும் கதையில், மன்னனின் தேரோட்டி மிர்ட்டிலஸைக் கையில் போட்டுக்கொண்டு, கடையாணிக்குப் பதில் மெழுகை வைத்தார்கள். சக்கரம் கழன்று மன்னன் செத்தான். பிறகு பெலோப்ஸ் அந்த மிர்ட்டிலஸையே கடலில் தள்ளினான். அவன் விழும்போது வம்சத்தையே சபித்தான். சோஃபக்ளீஸின் எலெக்ட்ரா நாடகத்தில், இந்த வீட்டைத் துன்பம் விடாமல் பிடித்தது அந்த நாளிலிருந்துதான் என்று பாடகர் குழு பாடுகிறது. ஆனால் கி.மு. 476இல் ஒலிம்பிய வெற்றி ஒன்றுக்காகக் கவிஞர் பிண்டார் எழுதிய பாட்டில் மெழுகும் இல்லை, கொலையும் இல்லை. கடல் தேவன் பொசைடன் கொடுத்த பொன் தேரும் சிறகுக் குதிரைகளும் ஜெயித்துக் கொடுக்கின்றன. டாண்டலஸ் பெற்ற மகனையே வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்குப் பரிமாறினான் என்ற கதையையும் அவர் மறுக்கிறார்: பொறாமை பிடித்த அக்கம்பக்கத்தார் கட்டிவிட்டது, எந்தத் தேவரையும் நரமாமிசம் தின்றவர் என்று சொல்ல என்னால் முடியாது என்கிறார். டாண்டலஸின் குற்றம், தேவர்களின் அமுதைத் திருடித் தன் குடிக் கூட்டாளிகளுக்குக் கொடுத்தது. தண்டனை, தலைக்கு மேல் தொங்கும் பாறை. ஒலிம்பியாவில் பெலோப்ஸுக்கு வழிபாடு நடந்தது. அங்கே அவன் கறைபட்டவனாக இருக்க முடியாது. ஜீயஸ் கோயிலுக்கும் ஹீரா கோயிலுக்கும் நடுவில் ஐங்கோண வடிவில் பெலோப்ஸின் திருவிடம் இருந்தது. இப்போது தாழ்ந்த கல்வரிசைதான் மிச்சம். ஆண்டுதோறும் அங்கே கறுப்பு ஆட்டுக்கிடா பலி. அந்த இறைச்சியைத் தின்றவர் ஜீயஸ் கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று பாசேனியஸ் எழுதுகிறார்.

மைசீனிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். ஏதென்ஸிலிருந்து சுமார் 120 கி.மீ. கிஃபிசோஸ் நிலையத்தில் ஆர்கோஸ், நாஃப்பிலியோ பேருந்தில் ஏறி, ஃபிக்தி என்ற இடத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். நடத்துநரிடம் முன்னாலேயே சொல்லாவிட்டால் வண்டி நிற்காமல் போய்விடலாம். அங்கிருந்து தளம் மூன்று நான்கு கி.மீ., நடக்க நிழல் கிடையாது.

கோட்டைக்கு முன்னாலேயே சாலையோரம் 'அத்ரியஸின் கருவூலம்' வரும். அதற்குத் தனி வாசல், ஆனால் டிக்கெட் ஒன்றுதான். கோட்டையில் வாங்கியதைத் தொலைத்துவிடாதீர்கள். 36 மீட்டர் நீளக் கல்பாதை மலைக்குள் போகிறது. உள்ளே கல்லடுக்கிக் கட்டிய தேன்கூடு போன்ற கூடம்: விட்டம் 14.5 மீட்டர், உயரம் 13 மீட்டருக்கு மேல். வாசலின் உள் உத்தரக்கல் மட்டும் ஏறத்தாழ 120 டன். மேல்சுவரின் பாரம் அதன் மேல் விழாதிருக்க, மேலே முக்கோணமாக வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். இது கருவூலமும் இல்லை, அத்ரியஸுடையது என்பதற்கு ஆதாரமும் இல்லை, கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறை. கோட்டையின் முகப்பான சிங்க வாயிலைத் தாண்டியதும் வலப்பக்கம் வட்டக் கல்லறைத் தொகுதி. 1876இல் ஜெர்மன் அகழ்வாளர் ஷ்லீமன் அங்கே தோண்டி எடுத்த தங்க முகமூடி ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகமெம்னானின் முகம் என்று பெயர், கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதால், டிராய்ப் போருக்கு வழக்கமாகச் சொல்லும் காலத்துக்கு முன்னூறு ஆண்டு முந்தையது. உச்சியிலுள்ள அரண்மனையில் அகமெம்னான் குத்தப்பட்ட குளியலறை என்று எதையாவது காட்டினால் நம்ப வேண்டாம்.

இந்த வீட்டில்தான் அத்ரியஸ், தம்பி தையெஸ்டீஸுக்கு அவன் பிள்ளைகளையே சமைத்துப் போட்டான். கி.மு. 458இல் எஸ்கிலஸ் எழுதிய அகமெம்னான் நாடகத்தில், டிராயிலிருந்து சிறைப்பட்டு வந்த இளவரசி கசாண்ட்ரா வாசலிலேயே நின்றுவிடுகிறாள். வீட்டுக்குள்ளிருந்து ரத்த வாடை அடிக்கிறது என்கிறாள். தங்கள் சதையையே கையில் ஏந்திய குழந்தைகள் வாசலில் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. பிறகு உள்ளே போகிறாள், சாவதற்கென்று தெரிந்தே. சிங்க வாயிலில் நின்று அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பில் சில பக்கங்கள்தான்.

அகமெம்னானைக் கொன்றது நானில்லை, அந்த விருந்துக்குப் பழிவாங்க வந்த குலத்துப் பேய் என் உருவத்தில் வந்தது என்கிறாள் அவன் மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா. நீ குற்றமற்றவள் என்று யார் சாட்சி சொல்வார்கள், பேய் உனக்குத் துணையாக இருந்திருக்கலாம் என்று பாடகர் குழுவின் முதியவர்கள் பதில் சொல்கிறார்கள். எஸ்கிலஸின் ஆழம் இங்கே இருக்கிறது. பழி மேலிருந்தும் வருகிறது, கை அவளுடையதும்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தள்ளிவிட முடியாது. டிராய்க்குக் கப்பலேறும் முன் அகமெம்னான் அவுலிஸ் துறையில் மகள் இஃபிஜீனியாவைப் பலியிட்டதும் இதே கணக்கில் சேரும். எதிர்க்காற்றால் கப்பல்களைத் தடுத்தவள் ஆர்ட்டெமிஸ். கத்திக்கு ஒப்புக்கொண்டவன் அவன்.

ஆனால் இந்த நாடகத்தில் அரண்மனை மைசீனியில் இல்லை, ஆர்கோஸில் இருக்கிறது. நாடகம் மேடையேறுவதற்குப் பத்தாண்டு முன்புதான் ஆர்கோஸ் மைசீனியை அழித்திருந்தது. சில ஆண்டு முன்பு ஏதென்ஸ் ஆர்கோஸுடன் கூட்டணி சேர்ந்திருந்தது. கவிஞர் மன்னனின் வீட்டையே பக்கத்து ஊருக்கு மாற்றிவிட்டார்.

டெல்ஃபிக்கு ஏதென்ஸின் லியோசியோன் நிலையத்திலிருந்து பேருந்து; தூரம் சுமார் 180 கி.மீ. தந்தையின் கொலைக்குப் பழியாகத் தாய் கிளைட்டம்னெஸ்ட்ராவைக் கொன்ற ஒரெஸ்டீஸ் ரத்தம் சொட்டும் கையோடு அப்பல்லோ கோயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறான். துரத்தி வந்த எரினிகள் என்ற பழிவாங்கும் தேவதைகள் அவனைச் சுற்றித் தூங்குகிறார்கள். இப்போது நிற்கும் தூண்கள் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கோயிலுடையவை; எஸ்கிலஸ் அறிந்த கோயில் கி.மு. 373இல் அழிந்தது. கூட்டம் கோயிலிலிருந்து அரங்கத்துக்கு ஏறிவிடும். அரங்கத்துக்குக் கிழக்கே மேலே நிடோஸ் நகரத்தார் கட்டிய மண்டபத்தின் அடித்தளம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். அங்கே பாலிக்னோட்டஸ் வரைந்த பாதாள உலக ஓவியம் இருந்தது. ஓவியம் இன்று இல்லை. பாசேனியஸின் விவரிப்பு மட்டும் இருக்கிறது. தந்தைக்குத் தீங்கு செய்தவனை அந்தத் தந்தையே கழுத்தை நெரிக்கிறார். டிட்டியஸ் என்ற அரக்கன் தண்டனை அனுபவித்துத் தீர்ந்து, மங்கலான உருவமாகக் கிடக்கிறான். டாண்டலஸுக்கு ஹோமர் சொன்னதும் உண்டு, தலைமேல் பாறையும் உண்டு. பாறை ஆர்க்கிலோக்கஸ் கவிதையிலிருந்து வந்தது என்கிறார் பாசேனியஸ். அவருடைய 10ஆம் நூலை மொபைலில் இறக்கி வைத்துக்கொண்டு அந்த அடித்தளத்தின் பக்கத்தில் படியுங்கள்.

ஏதென்ஸில் ஏரியோபகஸ் பாறைக்கு டிக்கெட் கிடையாது. பழைய கல்படிகள் தேய்ந்து வழுக்கும். இரும்புப் படியில் ஏறுங்கள், மேலேயும் பளபளப்பான இடங்களில் கால் வைக்காதீர்கள். எஸ்கிலஸ் இங்கே ஏதென்ஸின் காவல் தேவி ஏதீனாவின் தலைமையில் முதல் கொலை வழக்கை நடத்துகிறார். வாக்குகள் சமமாகின்றன, ஒரெஸ்டீஸ் விடுதலை. ஐந்து தலைமுறைப் பழி வாக்குக் கூழாங்கற்களில் முடிகிறது. எரினிகள் அதை ஏற்கவில்லை, நாட்டையே பாழாக்குவோம் என்கிறார்கள். ஜீயஸின் இடி இருக்கும் அறையின் சாவி எனக்குத் தெரியும் என்று ஏதீனா ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, மீதி நேரமெல்லாம் தயவாகப் பேசி, அவர்களை இந்த ஊரிலேயே குடிவைக்கிறாள். பாறையில் செதுக்காத இரண்டு கற்கள் இருந்தன என்று பாசேனியஸ் எழுதுகிறார்: ஒன்று குற்றஞ்சாட்டப்பட்டவன் நிற்க, மற்றது வழக்குத் தொடுப்பவன் நிற்க. பக்கத்தில் எரினிகளின் கோயில். அங்கிருந்த சிலைகளில் பயங்கரமாக எதுவும் இல்லை, அவர்கள் தலையில் முதலில் பாம்பை வைத்தவர் எஸ்கிலஸ்தான் என்றும் சொல்கிறார்.

நாடகம் நடந்த டயோனிசஸ் அரங்கம் அக்ரோபோலிஸின் தெற்குச் சரிவில் இருக்கிறது. அக்ரோபோலிஸ் டிக்கெட்டிலேயே பார்க்கலாம், தெற்கு வாசல் வழியாகப் போனால் வரிசையும் குறைவு. இன்று தெரியும் கல் இருக்கைகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் போட்டவை. 458இல் ஏதென்ஸ் மக்கள் மரப்பலகைகளில் உட்கார்ந்து, தங்கள் ஊர் நீதிமன்றத்தில் அந்த வழக்கு முடிவதைப் பார்த்தார்கள்.