கோரையாற்று மணலும் செவ்வாய்த் தீவுகளும்

நேற்று சாயங்காலம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து திரும்பும்போது மகளோடு கோரையாற்றில் இறங்கினேன். தண்ணீர் வற்றி வெறும் மணல். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் மணல் வால்போல நீண்டு, கூராக முடிந்திருந்தது. அவள் குனிந்து அந்த வாலை விரலால் தடவிவிட்டு, "அப்பா, தண்ணி இந்தப் பக்கமாப் போயிருக்கு" என்றாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அங்கேயே போனில் செவ்வாய்ப் படம் ஒன்றைக் காட்டினேன். 1976-ல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய வைக்கிங் கலம் எடுத்தது. ஏரிஸ் பள்ளத்தாக்கு முடியும் இடம். அங்கே கல்லுக்குப் பதில் விண்கல் விழுந்த பள்ளங்கள். அவற்றின் மேடான விளிம்பில் வெள்ளம் மோதிப் பிரிந்து, பின்னால் கண்ணீர்த்துளி வடிவத்தில் தீவுகள் நிற்கின்றன. வந்து படிந்த மணல் இல்லை, பெரும்பாலும் வெள்ளம் அரிக்காமல் விட்ட நிலம். ஒவ்வொன்றும் பல கிலோமீட்டர் நீளம்! நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய தண்ணீர்.

வெள்ளம் பலவகைப் பாறைகளை அடித்து வந்து போட்டிருக்கும் என்றுதான், 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் என்ற ஆய்வுக் கலத்தை அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

மகள் படத்தில் ஒரு தீவின் கூர்முனையில் விரல் வைத்தாள். "அப்ப இங்க மேல் பக்கமாப் போயிருக்கு."

ஆமாம் கண்ணு. வடக்கே.