அம்மாவும் பதினோரு குத்துச்சண்டைக்காரர்களும்

கிளாஸ் ஜோ என்று ஒரு குத்துச்சண்டை வீரர். பாரிஸ்காரர். இதுவரை நூறு சண்டை போட்டிருக்கிறார்: 1 வெற்றி, 99 தோல்வி. சண்டை தொடங்கும் முன்பே இந்தக் கணக்கைத் திரையில் போட்டு அவர் மானத்தை வாங்கிவிடுவார்கள். ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி செய்த 'பஞ்ச்-அவுட்' என்ற வீடியோ விளையாட்டில் முதல் எதிராளி இவர்தான். எந்தப் பட்டன் எதற்கு என்று நாம் பழகிக்கொள்வதற்காகவே பிறவி எடுத்தவர். இவரிடமும் ஒரு மனிதன் தோற்க முடியும் என்பதை என் மச்சான் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து நிரூபித்தார்.

"டிவி லேக் அடிக்குது மச்சான்" என்றார், எழுந்துகொண்டே.

நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி இறங்கி வந்து, தம்பிக்காக ஐந்து நிமிடம் எங்களைத் திட்டிவிட்டுப் போனாள். இதில் கொடுமை, அவர் சொன்னது உண்மை. 1987இல் பழைய குண்டு டிவிக்காகச் செய்த விளையாட்டு அது. அந்த டிவியில் படம் உடனுக்குடன் வந்துவிடும். இப்போதைய தட்டை டிவி, வந்த படத்துக்குப் பவுடர் பூசி அலங்காரம் செய்துதான் வெளியே விடும். அதற்கு ஆகும் நேரம் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஆனால் பஞ்ச்-அவுட்டில் வாழ்வதும் சாவதும் அதற்குள் முடிந்துவிடும். மச்சான் டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' என்பதைத் தேடிப் போட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்து ஜோவைச் சாய்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் காபி கேட்டார்.

நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் நியூ ஜெர்சி எடிசனில் அது பனிக்காலம். வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. அம்மா மாயவரத்திலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். வெளியே போக முடியாது, சீரியல் பார்க்கும் பெட்டியில் என்னவோ கோளாறு, ஹாலில் இருக்கும் ஒரே டிவியில் நானும் மகனும் மச்சானும் குத்துச்சண்டை. வெந்தயக்கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே அம்மாவும் பார்க்க ஆரம்பித்தார்.

"அந்தப் பையனைப் பாத்தா ஒரு வேளை சாப்பாடு கூட ஒழுங்கா சாப்பிட்ட மாதிரி தெரியலியே. அவனை ஏன்டா அடிக்கிறீங்க?"

ஜோவைச் சொல்கிறார். நம் ஆள் லிட்டில் மேக் என்பவன் அதைவிட நோஞ்சான் என்று காட்டினேன். நியூயார்க்கில் பிராங்ஸைச் சேர்ந்த பதினேழு வயதுப் பையன். எடை 107 பவுண்டு, நம் கணக்கில் நாற்பத்தெட்டரை கிலோ. போகப் போக எதிரே வருகிறவர்களில் பலர் அவனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

"நாப்பத்தெட்டு கிலோ புள்ளைய அனுப்பி வச்சிருக்காளே, பெத்தவ என்ன பண்றா?"

பெத்தவள் வருவதில்லை. டாக் லூயிஸ் என்று ஒரு பயிற்சியாளர்தான் வருவார். ரவுண்டுக்கு நடுவில் துண்டை வீசிக்கொண்டே யோசனை சொல்வது அவர் வேலை. முகம் வீங்கி உட்கார்ந்திருக்கும் பையனிடம் ஓர் இடைவேளையில் அவர் சொல்லும் யோசனை, நிண்டெண்டோ ஃபன் கிளப்பில் இன்றே சேர்ந்துகொள் என்பது. மகன் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டார். "அடி வாங்கிட்டு உக்காந்திருக்கவன்கிட்ட சந்தா கேக்குறானா? நான் கூட இப்படிப் பண்ணதில்லடா."

அம்மா எங்கள் தெருவில் வெகுகாலம் ஏலச்சீட்டு நடத்தியவர். பாண்டு பத்திரம், ஜாமீன் எதுவும் கிடையாது. ஆளின் முகம்தான் ஜாமீன். 'அடுத்த மாசம் கண்டிப்பா தந்துடறேன் அக்கா' என்று சொல்லும்போது எதிராளியின் கண் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்தே தவணை வருமா வராதா என்று முடிவு கட்டிவிடுவார். நான் அறிய அவர் கணக்கு தப்பியதாக நினைவில்லை.

பஞ்ச்-அவுட்டுக்கு இதைவிட நல்ல தகுதி வேறில்லை. பெயர்தான் குத்துச்சண்டை. ஓங்கி ஓங்கிக் குத்தினால் எதிராளி கையை உயர்த்தித் தடுப்பார். தடுக்கத் தடுக்க நம் கணக்கில் இருக்கும் இதயங்கள் குறையும். அவை தீர்ந்தால் மேக் சோர்ந்து இளஞ்சிவப்பாக மாறி, குத்தவே முடியாமல் நிற்பான். ஆகவே பொறுமையாக நின்று, எதிராளி அடிக்கும் முன் காட்டும் சின்னச் சாடையைப் பிடிக்க வேண்டும். ஒதுங்க வேண்டும். அவர் காற்றைக் குத்திவிட்டு அசடு வழியும் அந்த அரை நொடியில் நாம் குத்த வேண்டும். மறுபடி நல்ல பிள்ளையாகக் காத்திருக்க வேண்டும்.

பெர்லின்காரர் வான் கைசர் குத்தும் முன் தலையை நடுக்கத்தோடு ஆட்டுவார். டோக்கியோகாரர் பிஸ்டன் ஹோண்டாவுக்குப் புருவம் துடிக்கும். இதை நாங்கள் மூன்று ஆண்கள் வெகுநேரம் அடி வாங்கிக் கண்டுபிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது. "புருவத்தைப் பாருடா, கையை ஏன் பாக்குற? கை பொய் சொல்லும்."

அன்றிலிருந்து டாக் லூயிஸுக்கு எங்கள் வீட்டில் வேலை போயிற்று.

கிங் ஹிப்போ வந்த அன்று மட்டும் அம்மா பாதியில் எழுந்து போய்விட்டார். அவர் எடை எவ்வளவு என்ற இடத்தில் மூன்று கேள்விக்குறிதான் இருக்கும். அவர் வாயைத் திறக்கும்போது வாயில் குத்தினால் கால்சட்டை அவிழும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு அவர் தவிக்கும்போது, தொப்புளில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி மேல் சரமாரியாகக் குத்த வேண்டும். ஒரே ஒருமுறை விழுந்தால் போதும், எழுந்திருக்க மாட்டார். "ஐயய்யே, இதெல்லாம் ஒரு விளையாட்டா" என்று சமையலறைக்குள் போன அம்மா, அங்கிருந்தே "விழுந்தானா?" என்று கேட்டார்.

கிரேட் டைகர் நம் நாட்டுப் பிரதிநிதி. தலைப்பாகை, அதில் ஒரு கல். ஊர், பம்பாய். குத்துவதற்கு முன் தலைப்பாகைக் கல் மின்னும். நேரம் வந்தால் மாயாஜாலம் செய்து, பல உருவமாகச் சுழன்று வந்து குத்துவார். கையை உயர்த்தித் தடுத்தபடியே நின்று அத்தனையையும் தாங்கிவிட்டால், கடைசியில் அவருக்கே தலை சுற்றும். அப்போது ஒரு விரலால் தள்ளாத குறையாக ஒரே ஒரு குத்துவிட்டால் விழுந்துவிடுவார்.

"பம்பாயா?" என்றார் அம்மா. "என் தம்பி மாதுங்காவுலதான் இருக்கான். எவனும் தலைப்பாகையில கல்லு வச்சு மாயமாகி நான் பாத்ததில்ல. மின்சார ரயில்ல ஏறுறதுக்கே அங்க உடம்பு பத்தாது, இதுல சுத்தி வேற வருவானா?"

நியாயமான கேள்வி. இந்த விளையாட்டில் ஒவ்வொரு நாட்டுக்காரரையும் அந்த நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதை மட்டும் வைத்து வரைந்திருக்கிறார்கள். மாஸ்கோகாரர் சோடா பாப்பின்ஸ்கி பாட்டிலோடு வருவார். தனக்கு வண்டி ஓட்ட முடியாது, அதனால் உன் மேலேயே நடந்து போகப்போகிறேன் என்று வசனம் பேசுவார். மகன் இதை வரிவரியாக வாசித்துக் காட்டினான்.

"என்ன குடிக்கிறான்?"

"சோடா, அப்பாயி."

அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சிவந்த உடம்பைப் பார்த்தார். "எந்தக் கடையில இந்த சோடா விக்கிறான்னு எனக்குத் தெரியும்."

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 1984இல் காசு போட்டு ஆடும் 'சூப்பர் பஞ்ச்-அவுட்' பெட்டியில் இதே ஆளின் பெயர் வோட்கா ட்ரங்கென்ஸ்கி. வீட்டுக்குள் குழந்தைகள் ஆடும் விளையாட்டாக வந்தபோது கையில் இருந்ததை சோடா என்று சொல்லிவிட்டார்கள். மற்றபடி ஆள் அதே ஆள்.

பெட்டி என்றதும் நினைவு வருகிறது. பனி கொஞ்சம் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஆர்கேட் பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கும் ஓர் இடத்துக்குப் போனோம். அங்கே 1984ஆம் வருடத்து அசல் பஞ்ச்-அவுட் பெட்டி இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டிவி. மேலே புள்ளிவிவரம், கீழே சண்டை. நம் வீரன் பச்சைக் கம்பிக்கூடு மாதிரிதான் இருப்பான், அவன் உடம்பு வழியாகவே எதிராளி தெரியட்டும் என்று. எதுக்கு ரெண்டு டிவி என்று அம்மா கேட்டார். அதற்கு ஒரு கதை உண்டு. 'டாங்கி காங்' என்ற ஆர்கேட் விளையாட்டு ஓகோவென்று ஓடியபோது நிண்டெண்டோ அளவுக்கு மீறி மானிட்டர்களை வாங்கிக் குவித்துவிட்டது. மிஞ்சியதைத் தீர்ப்பதற்கு இரண்டு மானிட்டர் பிடிக்கிற மாதிரி ஒன்று செய்து கொடு என்று கேட்டார்கள். அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கென்யோ தகேதா இதைச் செய்தார். ஆட்களின் உருவத்தை வரைந்தவர் பிற்காலத்தில் 'மேரியோ' விளையாட்டுகளால் உலகப்புகழ் பெற்ற ஷிகேரு மியாமோட்டோ. வாங்கின பொருளை வீணாக்காதவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அம்மாவுக்கு ஜப்பான்காரர்கள் மேல் அன்று பெரிய மரியாதை வந்தது.

நான் மாட்டிக்கொண்டது பால்ட் புல்லிடம். இஸ்தான்புல்காரர், வழுக்கைத் தலை. திடீரென்று பின்னால் போவார், மூன்று குதி குதிப்பார், மாடு மாதிரி முட்டிக்கொண்டு வருவார். பட்டால் நாம் காலி. வந்து சேரும் அந்தக் கணத்தில் வயிற்றில் ஒரு குத்து விட்டால் அவர் காலி. நடுவில் வேறு வழி உண்டு, ஆனால் அது கோழைகளுக்கு. நான் கோழை இல்லை என்பதால் வாரக்கணக்கில் முட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆடுவது 'ஸ்விட்ச்' என்ற நிண்டெண்டோ விளையாட்டுக் கருவியில்; அதில் இருக்கும் ரீவைண்ட் வசதியை மகன் காட்டினான். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் காலம் பின்னால் போகும், வாங்கிய அடி வாங்காததாகிவிடும். அம்மா விடவில்லை. "சீட்டு எடுத்தா எடுத்ததுதான். அப்பறம் வந்து திருப்பி வச்சுக்கோன்னா?"

அப்படி ஒரு மாலை முட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னார்: "டேய், பின்னாடி ஒருத்தன் போட்டோ எடுக்கிறான் பாரு."

"யாரும்மா?"

"கூட்டத்துல. அவன் பளிச்சுன்னு எடுத்தா, மொட்டையன் கிட்ட வந்துட்டான்னு அர்த்தம்."

மச்சான் பெரிதாகச் சிரித்தார். நான் சோதித்துப் பார்த்தேன். இருந்தது. கூட்டத்துக்கு நடுவே சின்னதாக ஒரு ஃபிளாஷ். ஆனால் எனக்கு மாட்டைப் பார்ப்பதா, போட்டோகிராபரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. அம்மா சொல்லி உதவினார். அதிலும் ஒரு சிக்கல்: "எடுத்துட்டான்டா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மல்லாந்திருப்பேன். பிறகு "அடி" என்றார். அதுவும் தாமதம். கடைசியில் பேச்சே வேண்டாம் என்று, ஃபிளாஷ் அடித்ததும் என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். வலியில் என் கட்டைவிரல் தானாக அழுந்தியது. பால்ட் புல் விழுந்தார்.

தொடை கன்றிப்போயிற்று. அதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. மகன் அதற்குள் இணையத்தில் தேடி, கண்ணை அகல விரித்துக்கொண்டு வந்தான். விளையாட்டு வெளிவந்து இருபத்திரண்டு வருடம் கழித்து, 2009இல், அப்போது நிண்டெண்டோவின் தலைவராக இருந்த சதோரு இவாடா சொன்னபிறகுதான் இந்த ஃபிளாஷ் ரகசியம் பரவலாக வெளியே தெரிந்ததாம். 2016இல், முன்வரிசைத் தாடிக்காரர் ஒருவரும் இதேபோல் ஜாடை காட்டுகிறார் என்று வேறு யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். உலகம் முழுக்க லட்சக்கணக்கான கண்கள் குத்துச்சண்டைக்காரனையே முறைத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

அம்மாவுக்கு இதில் எந்தப் பெருமையும் இல்லை. "இதுல என்ன அதிசயம்? இப்பல்லாம் போட்டோகிராபர் சொன்னாதான் மாப்பிள்ளையே தாலி கட்டுறான்."

இதைவிட அதிசயம் இருக்கிறது என்று மகன் ஒரு வீடியோவைப் போட்டான். 2014இல் அமெரிக்காவில் நடந்த, வீடியோ விளையாட்டுகளை மின்னல் வேகத்தில் ஆடி முடிப்பவர்களின் விழா. அதில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டே இந்த விளையாட்டில் வரிசையாக ஆட்களைச் சாய்க்கிறார். அம்மா கடைசிவரை பார்த்தார். பிறகு மெல்ல மச்சான் பக்கம் திரும்பினார். எதுவும் சொல்லவில்லை. மச்சான் தானாகவே, "அங்க குண்டு டிவி அத்தை" என்றார்.

சாண்ட்மேன், மாச்சோ மேன் ஆகிய இருவரோடு நான் பட்ட பாட்டை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. கடைசி ஆளுக்கு வருகிறேன். 1987இல் வந்த விளையாட்டில் அது மைக் டைசனேதான். இருபது வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர்; அவர் பெயரையே விளையாட்டுக்கு வைத்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு, 1990இல் வந்த பதிப்பில் அவர் தலையை எடுத்துவிட்டு மிஸ்டர் ட்ரீம் என்ற கற்பனை ஆளின் தலையை வைத்தார்கள். குத்து மாறவில்லை. எங்கள் ஸ்விட்சில் இருப்பது இந்த ட்ரீம்தான்.

"டைசனா? காதைக் கடிச்சவன்தானே?" மாயவரம்வரை போயிருக்கும் புகழ். "அதனாலதான் தூக்கிட்டாங்களா?"

காதைக் கடித்தது 1997இல். இது அதற்கு முன்பே நடந்தது என்று விளக்கினேன். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "முன்னாடியே மூஞ்சில தெரிஞ்சிருக்கும்."

ட்ரீமோடு முதல் ஒன்றரை நிமிடம் பயங்கரம். அவர் கீழிருந்து மேலே விடும் ஒவ்வொரு குத்துக்கும் நாம் ஒருமுறை தரையில் விழ வேண்டும். இரண்டாவது குத்தோ மூன்றாவது குத்தோ கிடையாது, ஒன்றே ஒன்று. அம்மா முன்னால் நகர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தை ஆராய்ந்தார். நான் விழுந்தேன். ஆராய்ந்தார். மச்சான் விழுந்தார். மகன் விழுந்தான்.

"இவன் முகத்துல ஒண்ணும் ஓடமாட்டேங்குதுடா" என்றார் கடைசியில். "இந்த மாதிரி ஒருத்தன்தான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தான். அவனைச் சீட்டுல சேக்கவே இல்ல."

தினமும் முதலிலிருந்து ஆடிவர முடியாது என்பதால், நேரே கடைசிச் சண்டைக்குப் போகும் ரகசிய எண்ணை மகன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தான். 007-373-5963. இந்த விளையாட்டில் ரகசிய எண் எல்லாமே இப்படிப் பத்து இலக்கத்தில், அமெரிக்க டெலிபோன் நம்பர் மாதிரிதான் இருக்கும். மேலே 'ட்ரீம்' என்று வேறு எழுதியிருந்தான்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது அம்மா கையில் போனோடு காத்துக்கொண்டிருந்தார். "யாருடா அந்த ட்ரீம்? சீரியல் பெட்டி ரிப்பேர் பண்றவன் நம்பர்னு நினைச்சு மத்தியானத்துல இருந்து போட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு பொம்பள எடுத்து இங்கிலீஷ்ல ஏதோ சொல்றா. நம்பர் தப்பா எழுதியிருக்கான் உன் மகன், சரியா கேட்டு வாங்கு."