மாமாவின் ரிப்போர்ட்டில் இருந்த அந்த ‘நெகட்டிவ்’

மாமாவுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது 2014ல் தெரிய வந்தது. ஊரில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார், இரண்டு வாரம் கழித்து நேரில் வரச் சொல்லி போன். அப்புறம் ஒரு மருத்துவமனையில் மற்ற டெஸ்ட்டெல்லாம் எடுத்தார்கள். எச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென், உடம்பில் வைரஸ் இருப்பதைச் சொல்வது) பாசிட்டிவ், இ-ஆன்டிஜென் (வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் விடும் புரதம்) நெகட்டிவ், கல்லீரல் என்சைம் அன்றைக்கு நார்மல். “வைரஸ் தூங்குது, பயப்பட ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று சொல்லும் வைரல் லோடு டெஸ்ட் பார்க்கவில்லை, திரும்ப எப்போது வர வேண்டும் என்றும் சொல்லவில்லை. வீட்டில் கொஞ்ச நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பிறகு எல்லோரும் மறந்துபோனோம். 2021ல் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, கல்லீரல் சுருங்கிவிட்டது என்று ஸ்கேனில் வந்தபோதுதான் அது தூங்கவே இல்லை என்று புரிந்தது.

நான் வைரஸ் மரபணு வரிசை படிக்கும் லேபில் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். அன்றைக்கு அந்த ரிப்போர்ட்டை நான் பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்பதுதான் இந்தப் பதிவு.

ஹெபடைடிஸ் பி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே வைரஸ் இல்லை. மரபணு வரிசை மொத்தமே சுமார் 3200 எழுத்து (ஏ, சி, ஜி, டி என்ற டிஎன்ஏ எழுத்துகள்) உள்ள குட்டி வைரஸ். ஆனால் பெருகும்போது ஆர்என்ஏவாக ஒரு முறை மாறி, அதிலிருந்து மறுபடி டிஎன்ஏவாக எழுதிக்கொள்கிறது, அப்படி எழுதும் என்சைமுக்குப் பிழை திருத்தும் பழக்கம் கிடையாது. விழுந்த பிழை விழுந்ததுதான். ஆயிரக்கணக்கான வருடம் இப்படியே மனிதர்களோடு ஊர் ஊராகப் போய், தனித்தனிக் குடும்பமாகப் பிரிந்துவிட்டது. 1988ல் ஜப்பானில் ஒகமோட்டோ குழு, முழு வரிசையில் 8 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தனி வகை என்று வைத்து ஏ, பி, சி, டி என நான்காகப் பிரித்தது. இன்றைக்கு அது ஜே வரைக்கும் போயிருக்கிறது. நீளத்தில்கூட இவை ஒன்றாக இல்லை: ஏ வகைக்கு 3221 எழுத்து, டி வகைக்கு 3182.

இந்தியாவில் அதிகம் இருப்பது டி. அடுத்தது ஏ, அதிலும் ஏ1 என்ற கிளை, அதன் நெருங்கிய சொந்தங்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. கிழக்கே போகப் போக சி வகை எட்டிப் பார்க்கிறது, கொல்கத்தாவில் ஏ, சி, டி மூன்றையும் ஒரே ஊரில் பார்க்கலாம். அருணாச்சலப் பிரதேசத்தின் பழங்குடி மக்களிடம் ஐ என்ற வகை கிடைத்தது, அது வியட்நாம், லாவோஸ் பக்கம் இருப்பது. வரிசைகளை ஒப்பிட்டு வம்சாவளி மரம் வரையும்போது இதைத் திரையில் பார்ப்பேன், ஒரே நாட்டு மாதிரிகள்தான், ஆனால் ஒரு கிளை ஆப்பிரிக்கா பக்கம் போய் நிற்கும், இன்னொன்று லாவோஸ் பக்கம். நாட்டின் எல்லையெல்லாம் வைரஸுக்கு நேற்று வந்தது.

சரி, இதற்கும் மாமாவின் ரிப்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் இருக்கிறது. வரிசையில் 1896வது எழுத்து வழக்கமாக ஜி (வகையின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது டிஎன்ஏ எழுத்து). அது ஏ எழுத்தாக மாறினால் அந்த இடத்தில் ‘நிறுத்து’ என்ற கட்டளை வந்துவிடும், இ-ஆன்டிஜென் உருவாகாது. வைரஸ் பெருகுவது நிற்காது, டெஸ்ட் மட்டும் நெகட்டிவ் காட்டும். எல்லா வகையிலும் இந்த மாற்றம் சுலபமாக நடக்காது. வைரஸின் ஆர்என்ஏ அந்த இடத்தில் ஹேர்பின் மாதிரி மடங்கி, 1896ம் 1858ம் எதிரெதிராக ஜோடி சேர்ந்து நிற்கும். ஏ வகையில் பெரும்பாலும் 1858ல் இருப்பது சி. அதற்கு ஜி தான் சரியான ஜோடி, மாற்றினால் மடிப்பு குலைந்துவிடும், அதனால் மாற்றம் அபூர்வம். டி (D) வகையில் 1858ல் இருப்பது டி (T) எழுத்து, ஆர்என்ஏவில் அது யு. ஜி-யோடு அதற்கு ஜோடி கொஞ்சம் தளர்வுதான், ஏ வந்தால் மடிப்பு முன்னைவிடக் கெட்டியாகிறது. அதாவது டி வகைக்கு இந்த மாற்றம் லாபம்.

டி வகை அதிகமுள்ள நாட்டில் ‘இ-ஆன்டிஜென் நெகட்டிவ்’ என்பதை வைத்து மட்டும் ஒருவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. இதை நான் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் போதாது. அந்த ரிப்போர்ட்டோடு வைரல் லோடு பார்க்க வேண்டும், என்சைம் ஒரு நாள் நார்மல் என்று விட்டுவிடாமல் சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வகை நோயில் அது ஏறும், இறங்கும், இறங்கிய நாளில் ரத்தம் எடுத்தால் எல்லாம் நன்றாகவே தெரியும்.

லேபில் சேர்ந்த புதிதில் ஒரு மாதிரியின் வரிசையைப் படித்துக்கொண்டிருந்தேன். திரையில் ஜி கறுப்பு மேடாகவும், ஏ பச்சை மேடாகவும் வரும். 1896ல் வந்தபோது ஒரே இடத்தில் கறுப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று, பச்சை கொஞ்சம் உயரம். ஒரே ஆளின் ரத்தத்தில் பழைய வைரஸும் மாறிய வைரஸும் சேர்ந்து இருக்கிறது, புதியது ஜெயித்துக்கொண்டிருக்கிறது. மாதிரியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எனக்கு மாமா முகம்தான் வந்தது, எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: 1988ல் சென்னையில் நடந்த ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததாக லான்செட் இதழில் வந்தது. இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர். பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சைக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்பெரான் ஊசி கொடுப்பதாக இருந்தால் வகை தெரிவது உதவும், ஏ வகைக்குக் கேட்கிற அளவு டி வகைக்குக் கேட்பதில்லை. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரைக்கு அந்தப் பேதம் இல்லை, அரசுத் திட்டத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. தடுப்பூசியும் எல்லா வகைக்கும் வேலை செய்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசி முதலில் தொடங்கியது, அந்த ஐந்தில் ஹெபடைடிஸ் பி-யும் ஒன்று.

மாமா இப்போது தினமும் ராத்திரி ஒரு டெனோஃபோவிர் போடுகிறார். போன மாதம் இதையெல்லாம் அவரிடம் பேப்பரில் வரைந்து காட்டினேன், மடிப்பு, ஜோடி எல்லாம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எனக்கு எந்த வகை மாப்ளே?” என்றார். பார்க்கவே இல்லை மாமா, யாரும் கேட்கவில்லை என்றேன். இப்போது வைரல் லோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, வரிசை படிக்க அதில் வைரஸ் போதாது.